ஒன்றே முக்கால் வயதுக் குழந்தையைக் கத்திரி வெயிலில் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா?

நீங்கள் எழுதியதை ஒரு தடவை சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பெரம்பூரில் இருக்கிறீர்கள். மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். மே நடுவில் திருச்செந்தூர் பக்கம் உங்கள் வீட்டுக்காரரின் குலதெய்வம் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், மூன்று நாள் அங்கே தங்க வேண்டும். வீட்டுக்காரர் காரில் போகலாம் என்கிறார், மாமியார் ரயில்தான் என்கிறார். போன மாதம் காஞ்சிபுரம் போய் வருவதற்குள் காரில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா, சளி மருந்து அரை ஸ்பூன் கொடுத்தால் வழியெல்லாம் தூங்கிவிடுவாள் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில், என்னென்ன மருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று லிஸ்ட் கேட்டிருக்கிறீர்கள்.

லிஸ்ட் தருகிறேன், அது சின்னதுதான். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது. நம்ம டாக்டர் இல்லாத ஊரில், அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, கூட்டிக்கொண்டு போவதே தப்போ என்ற பயம். தப்பு இல்லை, தாராளமாகப் போகலாம். வடசென்னையில் 23 வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். கோடை லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும் குழந்தைகள் ஜூன் முதல் வாரத்தில் வரிசையாக வருவார்கள். பயணம் செய்ததால் நோய் வந்தது என்று சொல்லும்படி அவர்களில் யாரையும் பார்த்ததில்லை. வழியில் வாயில் போனது, தூக்கம் கெட்டது, வெயிலில் நின்றது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றும் நாம் போடும் திட்டத்தில் இருக்கிறது, மருந்துப் பையில் இல்லை.

முதலில் அந்தச் சளி மருந்து. இதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை, கொடுக்கவே கூடாது. அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தும் இருப்பார், ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக் கொடுத்த மருந்துகள்தான் இவை. ஆனால் இந்த சிரப்களில் தூக்கத்தைக் கொண்டுவரும் பொருள் சின்னக் குழந்தைக்கு மூச்சையும் மந்தமாக்கக் கூடும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக, தூங்காமல் ராத்திரி முழுக்க முறுக்கிக்கொண்டு அழ வைக்கும். இதே மாதிரி தூக்கம் வரவைக்கும் புரோமெதசின் என்ற மருந்தை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்காவில் 2004-லேயே கடுமையான எச்சரிக்கை போட்டார்கள். இங்கே குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி சிரப்பை நான்கு வயதுக்குள் பயன்படுத்தக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேபிளிலேயே அச்சிடச் சொன்னது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம், ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஓடுகிற ரயிலில், இரவு இரண்டு மணிக்கு, மயக்கத்தில் இருக்கிற குழந்தை சரியாக மூச்சு விடுகிறதா என்று இருட்டில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை உங்களுக்கு வரவே வேண்டாம்.

அடுத்தது வாந்தி. காரில் போனால் தலை சுற்றி வாந்தி வருவது இரண்டு வயதுக்குள் அதிகம் பார்க்காத ஒன்று, பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் அது உச்சத்துக்கு வரும். அதனால் உங்கள் மகளுக்கு அதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வயிறு நிறையப் பால் குடித்த உடனே கிளம்பியிருக்கலாம், வெயில் நேரமாக இருந்திருக்கலாம், கையில் செல்போன் இருந்திருக்கலாம், உள்ளே டிஃபன் வாசனையும் கார் வாசனையும் கலந்து அடித்திருக்கலாம். நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்டால்தான் பிரித்துச் சொல்ல முடியும். முன்ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டியது இதுதான்: கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள், கொஞ்சமாகக் கொடுங்கள், பால் வேண்டாம், காரில் போன் காட்ட வேண்டாம், கண்ணாடியை அவ்வப்போது இறக்கிக் காற்று விடுங்கள். வாந்திக்கு என்று வீடுகளில் வைத்திருக்கும் ஆண்டன்செட்ரான் சிரப் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு உதவும், பயண வாந்திக்கு அது பெரிதாக வேலை செய்வதில்லை. எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, பலன் உண்டா என்றால் உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வசம்பு வளையலும் வேண்டாம், இந்த வயதில் கையில் இருப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

காரா ரயிலா என்பதில் நான் உங்கள் மாமியார் பக்கம். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கே சாலையில் 600 கிலோமீட்டருக்கு மேல், அதற்கப்புறமும் போக வேண்டும். பெரியவர்களே நடுவில் இரண்டு மூன்று தடவை இறங்கி நடக்கும் தூரம் அது. குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இறங்க வேண்டும், அப்படிப் போனால் முழுப் பகலும் சாலையில்தான். இரவில் ஓட்டலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால், தூக்கக் கலக்கத்தில் அதிகாலை மூன்று மணிக்கு நான்குவழிச் சாலையில் ஓட்டுவதைப் பற்றி நான் எதுவும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, உங்களிடம் குழந்தைக்கான கார் சீட் இருக்கிறதா என்று எழுதவில்லை. மடியில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்று நம் எல்லோருக்கும் மனதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது உண்மை இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 10 கிலோ குழந்தையை எந்த அம்மாவின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. முன் சீட்டில் மடியில் வைத்திருந்தால் ஏர்பேக்கே குழந்தையின் தலையில் வந்து அடிக்கும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குள் இருக்கும் குழந்தையை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காகச் சொல்லவில்லை. சீட் இல்லை என்றால் இந்தத் தூரத்துக்குக் கார் வேண்டாம். ஊரில் இறங்கிய பிறகு கோயிலுக்கு எடுக்கும் வாடகை வண்டியிலும் பின் சீட்டில் உட்காருங்கள். நிறுத்திய காருக்குள், ஐந்தே நிமிடம் என்றாலும், அவளைத் தனியாக விடாதீர்கள். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே ஏறக்குறைய 10 டிகிரி ஏறிவிடும்.

பஸ்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேருவதற்குள்ளேயே குழந்தையின் பாதிப் பொறுமை போய்விடும்.

இரவு ரயிலில் பெரிய வசதி, அவள் தூங்கும் நேரமும் வண்டி ஓடும் நேரமும் ஒன்றாக அமைவதுதான். ஐந்து வயதுக்குள் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம், கேட்டால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். பணம் இடம் கொடுக்கும் என்றால் அவள் பெயரிலும் ஒன்று எடுங்கள் என்பேன், அவள் அதில் படுக்கப் போவதில்லை, ஆனால் எதிரும் புதிருமாக இரண்டு லோயர் பெர்த் உங்கள் குடும்பத்துக்கே கிடைக்க ஒரு வாய்ப்பு கூடும், பையை வைக்கவும் டயப்பர் மாற்றவும் இடம் இருக்கும். படுக்கும்போது அவள் சுவர்ப் பக்கம், நீங்கள் வெளிப் பக்கம். மிடில் பெர்த்திலும் அப்பர் பெர்த்திலும் வேண்டவே வேண்டாம், தலையில் அடிபட்டு வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஏசி பெட்டி என்றால் கிளம்பும்போது வேர்த்துக் கொட்டும், அதிகாலை நாலு மணிக்குக் குளிரும், அதனால் ஒரு தடிமனான சட்டையைவிட இரண்டு மெல்லிய பருத்திச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றைக் கழற்றலாம், ஒன்றைப் போடலாம். டிக்கெட்டில் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், எழும்பூரா தாம்பரமா என்பது பெரம்பூர்க்காரர்களுக்கு ஒரு மணி நேர வித்தியாசம்.

இப்போது நான் ரொம்பவும் சொல்ல நினைப்பது பால் விஷயம். என் மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது மதுரைக்கு இரவு ரயிலில் போனோம். அப்போதே நான் குழந்தை மருத்துவம் படித்து முடித்திருந்தேன். மாலையில் பாலைக் காய்ச்சி, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப் போனேன், இரவு பதினொரு மணிக்கு ஒரு தடவை, காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை கொடுத்தேன். அடுத்த நாள் மாலைக்குள் எட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. கிருமி வளர்வதற்குப் பாலைப்போல நல்ல இடம் இல்லை, அதிலும் கொதிக்கிற சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் வெதுவெதுப்பாக எட்டு ஒன்பது மணி நேரம் மூடி வைத்த பால் கிருமிக்குத் தொட்டில் மாதிரி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உள்ள சூட்டில் கிருமி பெருகும் என்று பரீட்சையில் எழுதியவள்தான் நான். ஃபிளாஸ்க் என்றால் சுத்தம் என்று என் அம்மா செய்ததையே நானும் செய்தேன். அந்த இரவை நான் மறக்கவில்லை, அதற்கப்புறம் என்னிடம் ஊருக்குப் போகிறோம் என்று சொல்லும் ஒவ்வொரு அம்மாவிடமும் முதலில் ஃபிளாஸ்க்கைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அதனால் ஃபிளாஸ்க்கில் பால் வேண்டாம், கொதித்த வெந்நீர் மட்டும் எடுத்துப் போங்கள். பால் கட்டாயம் வேண்டும் என்றால் 200 மில்லி டெட்ரா பேக் பாலை அவள் குடிக்கும்போது திறந்து, மீதியை நீங்கள் குடித்துவிடுங்கள். ஒரு இரவு பசும்பால் குடிக்காவிட்டால் இந்த வயதில் ஒரு குறையும் வராது, இதை உறுதியாகச் சொல்கிறேன். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் பயணத்துக்கு அதைவிட வசதி எதுவும் இல்லை, வயது ஆகிவிட்டதே என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள், இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பால் பாட்டிலுக்குப் பதில் டம்ளரோ பாலாடையோ எடுத்துக்கொள்ளுங்கள், ரயில் வாஷ்பேசினில் பாட்டில் நிப்பிளைச் சுத்தமாகக் கழுவ முடியாது. கெட்டில் எடுத்துப் போய் ரயிலில் செல்போன் பிளக்கில் போடலாம் என்று நினைக்க வேண்டாம், அது தீப்பிடிக்கும் ஆபத்து, தண்டனைக்குரிய குற்றமும்கூட.

சாப்பாட்டுக்கு நம் வீட்டில் இருப்பதே போதும். வீட்டிலேயே ஆறரை மணிக்குள் ரசம் சாதமோ பருப்பு சாதமோ குழையப் பிசைந்து கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். காலைக்கு, சாயந்திரம் ஊற்றிய இட்லியில் கொஞ்சம் நெய் தடவி, தேங்காய்ச் சட்னி இல்லாமல், மூடிபோட்ட டப்பாவில். தோலோடு இருக்கும் வாழைப்பழம் நாலு. தயிர் சாதம் என்றால் சாதத்தைக் காய்ச்சிய பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் விடும் பாட்டி கைப்பக்குவம் தெரிந்திருக்கும், வழியில் மெதுவாக உறைந்து காலைக்குள் புளிக்காமல் இருக்கும், பெரியவர்கள் சாப்பிடலாம். குழந்தைக்கு நான் அதைக்கூட மே மாதத்தில் மறுநாள் காலைக்கு வைத்துக் கொடுக்க மாட்டேன்.

தொண்டையில் சிக்குவதைப் பற்றிக் கொஞ்சம். பின்கடைவாய்ப் பற்கள் வர இரண்டு, இரண்டரை வயதாகும், அதுவரை அவளால் கடினமானதை அரைக்க முடியாது. நான் பயிற்சியில் இருந்தபோது மூச்சுக்குழாயிலிருந்து எடுத்துப் பார்த்தவற்றில் வேர்க்கடலைதான் முதலிடம். வண்டியில் பொட்டலமாக வரும் கடலை, சுண்டல், முறுக்கு, அப்புறம் கோயிலில் அன்போடு கையில் திணிக்கும் கல்கண்டு, தேங்காய்ச் சில்லு, பொங்கலில் கிடக்கும் முழு முந்திரி, எல்லாமே இந்த வயதுக்கு ஆபத்து. திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் கொடுக்க வேண்டும். ஒருவேளை சிக்கிவிட்டால், அவள் சத்தமாக இருமிக்கொண்டிருக்கும்வரை இரும விடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலமானால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து தட்டு, அப்படியும் வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே கையை வைத்து உள்ளேயும் மேலேயும் ஐந்து அழுத்தம், வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. உச்சந்தலையில் தட்டுவது, தண்ணீர் கொடுப்பது, கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டுவது மூன்றும் வேண்டாம். போவதற்கு முன் ஒரு நாள் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இதை நேரில் யாரிடமாவது பழகிக்கொண்டால் நல்லது, படித்துத் தெரிந்துகொண்டது பதற்றத்தில் கைக்கு வராது.

மொட்டைக்கு வருகிறேன். புது பிளேடு, உங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்தது, இதில் வெட்கமே படாதீர்கள். நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு பிளேடில் இரண்டு தலை என்றால் ரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி மாதிரியான கிருமிகள் போவதற்கு வழி உண்டு. காலையில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், வயிறு காலியாக இல்லாமல், தாய்மாமன் மடியில். ஊருக்குப் போன அன்றே அந்த மாமன் அவளோடு கொஞ்சம் விளையாடிப் பழகட்டும், முகமே தெரியாத மடியில் உட்கார வைத்துத் தலையைப் பிடித்தால் எந்தக் குழந்தையும் துள்ளும், துள்ளினால்தான் பிளேடு கீறும். சந்தனம் பூசுவது குளிர்ச்சியாக இருக்கும், வெட்டுக்காயத்தின் மேல் மட்டும் வேண்டாம், உரைக்கிற தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். மொட்டைத் தலையில் வெயில் நேராக அடிக்கும், அதுவரை முடிக்குள் இருந்த தோல் அது, ஒரு மெல்லிய பருத்தித் தொப்பி கட்டாயம்.

காது குத்துவதில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன், இரண்டையும் ஒரே காலையில் வைக்க வேண்டாம். மொட்டையிலேயே முக்கால் மணி நேரம் அழுது களைத்திருப்பாள். சொந்தம் எல்லாம் கூடியிருக்கும் அன்றே முடித்துவிட வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது, என் வீட்டிலும் அதே நியாயம்தான் ஜெயித்தது. வேறு வழி இல்லை என்றால் நடுவில் ஒரு தூக்கம் தூங்க விடுங்கள். ஊசியோ தங்கக் கம்பியோ, ஸ்பிரிட்டில் துடைத்ததாக, ஆசாரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்க வேண்டும். குத்திய இடத்தை உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் தினமும் இரண்டு வேளை பஞ்சால் துடைத்தால் போதும். மஞ்சள் குழைத்துப் பூசுவதைப் பலர் கேட்கிறார்கள். மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் கொஞ்சம் உண்டுதான், ஆனால் டப்பாவில் திறந்து மூடும் சமையல் மஞ்சள்தூளைப் புதுக் காயத்தில் வைக்க நான் சொல்வதில்லை.

இதோடு சேர்ந்தது தடுப்பூசி. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் டி.பி.டி. பூஸ்டரும் எம்.ஆர். என்ற தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் இரண்டாவது டோஸும் போட வேண்டும், தனியாரில் அட்டவணை கொஞ்சம் மாறும். டி.பி.டி.யில் ரணஜன்னிக்கான பாதுகாப்பும் இருக்கிறது, காது குத்துவதற்கு முன் அது போட்டிருப்பது நல்லது. ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் போய்ப் போட்டுக்கொள்ளாதீர்கள். டி.பி.டி. காய்ச்சல் ஓரிரு நாளில் வந்து போய்விடும், தட்டம்மை ஊசிக்கான காய்ச்சல் ஒரு வாரம் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வரும், சரியாகக் கோயிலில் நிற்கும்போது வந்தால் எதனால் என்று தெரியாமல் தவிப்பீர்கள். பாக்கி இருந்தால் இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட லிஸ்ட். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரே ஒரு பாராசிட்டமால் பாட்டில், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, ஜிங்க் சிரப், மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து, அவள் வழக்கமாக ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அது. அவ்வளவுதான். பாராசிட்டமாலில் ஒரே ஒரு இடத்தில் தப்பு நடக்கும், அதை மட்டும் கவனித்துப் படியுங்கள். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம்வரை ஒரு வேளைக்கு, அதாவது 10 கிலோ இருந்தால் 150. கடையில் 5 மில்லியில் 120 உள்ள சிரப்பும் இருக்கும், 5 மில்லியில் 250 உள்ளதும் இருக்கும், டிராப்ஸ் என்றால் ஒரே மில்லியில் 100 இருக்கும். முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, டிராப்ஸில் ஒன்றரை மில்லி. சிரப்புக்குச் சொன்ன அளவில் டிராப்ஸைக் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும், ஊரில் அவசரத்துக்கு வேறு பாட்டில் வாங்கும்போதுதான் இது நடக்கிறது. நீங்கள் அவள் எடையை எழுதவில்லை, அதனால் இந்தக் கணக்கை உதாரணமாக மட்டும் வைத்துக்கொண்டு, எடை போட்டு உங்கள் டாக்டரிடம் மில்லி அளவை எழுதி வாங்கி அந்தப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம் இடைவெளி. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை, போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை முழு ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், பாதியைக் கொட்டிக் கண்ணளவில் கலக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போன பிறகும் 50-லிருந்து 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாக. பழ வாசனையோடு அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள், அதில் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கைக் கூட்டும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரையே இப்படிப்பட்ட பானங்களில் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது, இருந்தாலும் பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, வலிப்பு, சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 40-க்கு மேல் மூச்சு, இதில் எது வந்தாலும் மொட்டை முடியட்டும் என்று நிற்காமல் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ரயிலில் என்றால் 139. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, குழந்தைகள் வார்டு இருக்கிறது, நீங்கள் காட்டுக்குப் போகவில்லை. இது எதுவும் இல்லாமல் வெறும் காய்ச்சல், குழந்தை நடுநடுவே விளையாடுகிறாள், குடிக்கிறாள் என்றால் பதற வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன ஒன்று: "யார் தூக்கினாலும் அழுவாள், மாமியார் வீட்டுப் பக்கம் என்ன நினைப்பார்களோ." இந்த வயதில் புது முகத்தைப் பார்த்து அழுவது வளர்ச்சி சரியாக இருக்கிறது என்பதற்கான அடையாளம், வளர்ப்பில் குறை இல்லை. போய் இறங்கியதும் கை மாற்றி மாற்றிக் கொடுக்காமல் ஒரு அரை மணி நேரம் உங்கள் இடுப்பிலேயே வைத்திருங்கள். ஆச்சிமார்கள் அவர்கள் தட்டிலிருந்து ஊட்ட வரும்போதும், ஜலதோஷத்தோடு யாராவது முத்தம் கொடுக்க வரும்போதும் சொல்வதற்கு உங்களுக்கு வாய் வராது என்று தெரியும், புது மருமகள் சொல்ல முடியாததை மகன் சொல்லலாம், உங்கள் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள். அவரும் தயங்கினால் "சென்னையில் ஒரு டாக்டரம்மா ரொம்பக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்" என்று பழியை என் மேல் போடுங்கள், நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

திரும்பி வந்த பிறகு மூன்று நாலு ராத்திரி எழுந்து எழுந்து அழுவாள், சாப்பாடு இறங்காது, டயப்பர் இல்லாமல் பழகியிருந்தால் அதுவும் ஒரு வாரம் பின்னால் போகும். நோய் இல்லை, பழைய நேரத்துக்கே சாப்பாடும் தூக்கமும் கொடுத்துக்கொண்டிருங்கள், காது மட்டும் சிவந்து வீங்கினாலோ சீழ் வந்தாலோ உடனே காட்டுங்கள்.